பழைய கணக்கு ஓடுமா? கணனி வாங்கும் வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி

கடைக்கு ஒரு கணனி வாங்கப் போனால் விற்பனையாளர் முதலில் சொல்வது புரொசஸரின் பெயரைத்தான். "ஹாஜியார், இது ஐ5. இன்னும் கொஞ்சம் காசு போட்டால் ஐ7 எடுக்கலாம். சும்மா பறக்கும்" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். பறந்து எங்கே போகப் போகிறது என்று கேட்பதில்லை. பில் அடிக்கவும், இருப்புப் பார்க்கவும், மாத முடிவில் கடன் பட்டியல் எடுக்கவும் எவ்வளவு வேகம் தேவை என்று யோசிப்பதும் இல்லை.

இந்த விடயத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கு வழங்கி வந்த வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. அதன் பிறகு நம்மில் பலருக்கு "உங்கள் புரொசஸர் பழையது, விண்டோஸ் 11 போட முடியாது, புதுக் கணனி வாங்குங்கள்" என்ற பதில் கிடைத்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சாமானை ஏன் மாற்ற வேண்டும், மாற்றுவதென்றால் எதைப் பார்த்து மாற்ற வேண்டும் என்பது சிறு வியாபாரிகளுக்குக் காசு சம்பந்தப்பட்ட கேள்வி.

நான் பொறியியலாளன் அல்ல. பாடசாலைப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஆனாலும் இந்தப் புரொசஸர் வியாபாரத்தின் ஐம்பது வருடக் கதையை ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகத் தெரிகிறது. அந்தச் சந்தையில் அதிவேகமான சரக்கு வைத்திருந்தவன் நிலைக்கவில்லை. வாடிக்கையாளர் ஏற்கெனவே போட்ட காசைக் காப்பாற்றிக் கொடுத்தவனே நிலைத்தான். இது என் அபிப்பிராயம். ஆதாரங்களைக் கீழே தருகிறேன், நீங்களே தீர்மானியுங்கள்.

புரொசஸர் என்ற கணக்கப்பிள்ளை

முதலில் புரொசஸர் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்வோம். அதை ஒரு கணக்கப்பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். சுயமாக எதையும் யோசிக்கத் தெரியாது. "இந்த இரண்டு எண்ணையும் கூட்டு", "இதை அந்த இடத்தில் வை", "இது பெரிதா அது பெரிதா பார்" என்பன போன்ற குறிப்பிட்ட சில கட்டளைகள் மட்டுமே அவருக்கு விளங்கும். ஆனால் அவற்றை ஒரு விநாடியில் கோடிக்கணக்கில் செய்து முடிப்பார்.

நமது கணக்கு மென்பொருள் என்பது அந்தக் கட்டளைகளின் நீண்ட பட்டியல். ஒவ்வொரு வகைப் புரொசஸருக்கும் கட்டளை மொழி வேறு. ஒரு மொழி தெரிந்த கணக்கப்பிள்ளையை நிறுத்திவிட்டு வேறு மொழிக்காரரை வைத்தால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பழைய பேரேட்டை வாசிக்க அவருக்குத் தெரியாது. பேரேட்டை முழுவதும் மொழிபெயர்க்க வேண்டும், அல்லது புதிதாக எழுத வேண்டும். அந்தச் செலவு கணக்கப்பிள்ளையின் சம்பளத்தைவிடப் பல மடங்காகிவிடும். இனி வரும் கதை முழுவதும் இந்த ஒரு விடயத்தைச் சுற்றியதுதான்.

ஒரு கல்குலேட்டர் ஓர்டரில் பிறந்த சரக்கு

இன்டெல் நிறுவனத்தை 1968இல் அமெரிக்காவில் ரொபர்ட் நொய்ஸ், கோர்டன் மூர் என்ற இருவர் ஆரம்பித்தார்கள். அவர்களது ஆரம்ப வியாபாரம் நினைவகச் சிப்தான். 1969இல் பிசிகொம் என்ற ஜப்பானிய கல்குலேட்டர் நிறுவனம் அவர்களிடம் ஓர் ஓர்டரோடு வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்றாகப் பல சிப்கள் செய்து தரும்படி கேட்டார்கள்.

இன்டெல்லில் இருந்த டெட் ஹொப் என்பவருக்கு வேறு யோசனை வந்தது. வேலைக்கொரு சிப் செய்யாமல், எந்த வேலையையும் செய்யக்கூடிய ஒரு பொதுவான சிப்பைச் செய்து, வேலையைக் கட்டளைப் பட்டியலால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். பெடரிகோ பெஜின், ஸ்டான்லி மேசர், பிசிகொம் அனுப்பிய மசடோஷி ஷிமா ஆகியோர் சேர்ந்து அதைச் செய்து முடித்தார்கள். 1971 நவம்பரில் 4004 என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அதில் இருந்தவை சுமார் 2,300 ட்ரான்சிஸ்டர்கள்.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓர்டர் கொடுத்தவர் பிசிகொம் என்பதால் சிப்பின் விற்பனை உரிமை அவர்களிடம் இருந்தது. அவர்கள் கொடுத்திருந்த 60,000 டொலரைத் திருப்பிக் கொடுத்து இன்டெல் அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. வியாபார வரலாற்றில் இதைவிட மலிவான கொள்வனவுகள் மிகக் குறைவாகவே இருக்கும்.

ஒரே சிப், கட்டளைப் பட்டியல் மட்டும் மாறும் என்று வந்த பிறகு பெறுமதி மெல்ல மெல்லச் சிப்பிலிருந்து பட்டியலுக்கு நகர்ந்தது. சிப் ஒரு தடவை வாங்கும் சாமான். பட்டியல் பல வருட உழைப்பு. இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டவர் பெஜின். அவர் 1974இல் இன்டெல்லை விட்டு வெளியேறி சைலொக் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். 1976இல் அவர் கொண்டுவந்த இசட்80 சிப், இன்டெல்லின் 8080 சிப்புக்கு எழுதிய மென்பொருள்களை அப்படியே ஓட்டியது. அதோடு மேலதிக வசதிகளும் இருந்தன. வாங்கியவர் எதையும் தூக்கியெறிய வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிப் உலகம் முழுவதும் பல வருடங்கள் விற்றது.

இடைக்காலச் சரக்கு, நிரந்தரமானது

1970களின் நடுப்பகுதியில் இன்டெல் ஒரு பெரிய கனவுச் சிப்பைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. பின்னாளில் 432 என்று அழைக்கப்பட்ட அந்தத் திட்டம் தாமதமாகிக்கொண்டே போனது. அதுவரை சந்தையைக் கைவிடாமலிருக்க ஓர் இடைக்காலச் சரக்கு தேவைப்பட்டது. அவசரமாகச் செய்யப்பட்ட அந்தச் சரக்குத்தான் 8086. 1978 ஜூனில் 29,000 ட்ரான்சிஸ்டர்களோடு வந்தது. பழைய 8080க்கு எழுதிய மென்பொருள்களைச் சுலபமாக இதற்கு மாற்றிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள்.

கனவுச் சிப் 1981இல் வந்தது. எதிர்பார்த்த வேகம் இல்லை, பழைய மென்பொருளோடு உறவும் இல்லை. அது தோற்றுப்போனது. இடைக்காலச் சரக்கின் வாரிசுகள்தான் இன்றைக்கும் நமது மேசைக் கணனிகளில் இருக்கின்றன.

அதே 1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். தனது தனியாள் கணனியை அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 1,565 டொலர். அதற்குள் இருந்தது 8086இன் மலிவுப் பதிப்பான 8088. அக்காலத்தில் மோட்டரோலாவின் 68000 என்ற சிப் இதைவிட உயர்ந்தது என்று பொறியியலாளர்கள் பலர் கருதினார்கள். ஆனால் 8088ஐ வைத்தால் ஏற்கெனவே சந்தையில் மலிவாகக் கிடைத்த துணை உதிரிகளைப் பாவிக்கலாம். முழுக் கணனியின் அடக்கவிலை குறையும். ஐ.பி.எம். அதையே எடுத்தது.

ஐ.பி.எம். இன்னொரு விடயத்திலும் பிடிவாதமாக இருந்தது. ஒரே வழங்குநரை நம்பிச் சரக்கு வாங்க அது விரும்பவில்லை. இன்னொரு நிறுவனமும் அதே சிப்பைச் செய்ய வேண்டும் என்றது. அதனால்தான் 1982இல் இன்டெல்லும் ஏ.எம்.டி. நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரே கொம்பனியிடம் மட்டும் சரக்கெடுத்து, அந்தக் கொம்பனி விலையைக் கூட்டும்போது கையைப் பிசையும் நம் வியாபாரிகள் இதை யோசிக்க வேண்டும். ஐ.பி.எம். போன்ற பெரிய நிறுவனமே இரண்டாவது வழங்குநர் வேண்டும் என்று கேட்டு வாங்கியது.

சங்கிலி அறுபடவில்லை

அதன் பிறகு வந்த சிப்களின் வரிசை நம்மில் வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும். 1982இல் 286, 1985இல் 386, 1989இல் 486, 1993இல் பென்டியம். ட்ரான்சிஸ்டர்களின் தொகை 286இல் 1 இலட்சத்து 34 ஆயிரம், 386இல் 2 இலட்சத்து 75 ஆயிரம், 486இல் சுமார் 12 இலட்சம், பென்டியத்தில் 31 இலட்சம் என்று ஏறிக்கொண்டே போனது.

இந்த எண்களைத்தான் எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1981இல் ஐ.பி.எம். கணனிக்கு எழுதிய ஒரு சாதாரண கணக்கு மென்பொருள் 1993இன் பென்டியத்திலும் ஓடியது. இடையில் நான்கு தலைமுறை மாறியும் வியாபாரி தனது கணக்கைத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. 386இல் பழைய 8086 மென்பொருள்கள் பலவற்றை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்கென்றே ஒரு தனி ஏற்பாட்டை வைத்திருந்தார்கள். புதிய சரக்கைச் செய்யும்போதே பழைய வாடிக்கையாளரை நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

386 வந்தபோது இன்டெல் ஒரு முடிவெடுத்தது. இனி ஏ.எம்.டிக்கு வடிவமைப்பைக் கொடுப்பதில்லை என்றது. விவகாரம் நடுத்தீர்ப்பு, நீதிமன்றம் என்று இழுபட்டது. ஏ.எம்.டி. தானாகவே ஒரு 386ஐச் செய்து 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதைச் சந்தை வாங்கியதற்குக் காரணம், இன்டெல்லில் ஓடியதெல்லாம் அதிலும் ஓடியதும் விலை குறைவாக இருந்ததும்தான்.

வாடிக்கையாளரின் நம்பிக்கை எவ்வளவு விலை பெறும் என்பதை இன்டெல் 1994இல் அறிந்துகொண்டது. பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கில் அபூர்வமாகத் தவறு வருவதை ஒரு கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்து வெளியிட்டார். சாதாரணப் பாவனையாளருக்கு இது வரவே வராது, உண்மையில் பாதிக்கப்படுவோருக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்று இன்டெல் முதலில் சொன்னது. கணக்குப் போடும் சாமான் கணக்கில் பிழை விடும் என்றால் யார் பொறுப்பார்கள்? எதிர்ப்பு பெருகியது. டிசம்பரில், கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்காக 475 மில்லியன் டொலரைச் செலவாகக் கணக்கில் எழுதியது. முதல் நாளே கையிருப்பை மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் காசு செலவாகியிருக்கும், பெயர் கெட்டிருக்காது.

வேகத்தை விற்ற காலம்

1990களின் இறுதியில் போட்டி வேகத்தின் பக்கம் திரும்பியது. எத்தனை மெகாஹேட்ஸ் என்பதே விளம்பரமாகிப் போனது. 2000 மார்ச்சில் ஏ.எம்.டி. முதலில் 1 கிகாஹேட்ஸ் சிப்பை அறிவித்தது, இன்டெல் இரண்டு நாளில் தனது சிப்பை அறிவித்தது. அதே வருட இறுதியில் வந்த பென்டியம் 4, கிகாஹேட்ஸ் எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்கு வசதியாக வடிவமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் அது செய்த வேலை முன்னையதைவிடக் குறைவு. எண் பெரிது, வேலை அந்த அளவுக்கு இல்லை.

எண் ஏற ஏறச் சூடும் ஏறியது, மின்சாரமும் கூடுதலாகப் பிடித்தது. 2004இல் 4 கிகாஹேட்ஸ் பென்டியம் 4ஐக் கொண்டுவரும் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. ஒரு சிப்பில் இரண்டு கோர், நான்கு கோர் என்று வைக்கும் வழிக்கு முழுச் சந்தையும் மாறியது. பொதியின் மேலே எழுதிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் அந்தச் சில வருடங்களில் ஏமாந்தார்கள்.

இதே காலத்தில்தான் எனது வாதத்துக்கு மிகப் பெரிய சாட்சியும் கிடைத்தது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற வேண்டிய கட்டம் அது. இன்டெல்லும் ஹியூலட் பக்கார்ட் நிறுவனமும் சேர்ந்து 1994இலிருந்து பெரும் பணத்தைக் கொட்டி இடானியம் என்ற புத்தம் புதிய கட்டளை மொழிச் சிப்பை உருவாக்கின. 2001இல் அது சந்தைக்கு வந்தது. பழைய மென்பொருள்களை அது ஓட்டியது, ஆனால் மிக மெதுவாக ஓட்டியது. காசு கொடுத்துப் பெரிய இயந்திரம் வாங்கியவருக்குப் பழைய கணக்கு முன்னரைவிட மெதுவாக ஓடினால் எப்படி இருக்கும்?

ஏ.எம்.டி. வேறு வழியில் போனது. பழைய மொழியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் 64 பிட் வசதியைக் கட்டியது. 2003 ஏப்ரலில் ஒப்டரோன், செப்டெம்பரில் அத்லன் 64 என்ற பெயர்களில் வந்தன. பழையதை முழு வேகத்தில் ஓட்டு, புதியது தேவைப்படும்போது அதற்கு மாறு என்பதே அவர்களது ஏற்பாடு. சந்தை அதைத்தான் கேட்டது. 2004இல் இன்டெல்லே ஏ.எம்.டியின் அந்த முறையைத் தனது சிப்களில் சேர்த்துக்கொள்ள நேர்ந்தது. பெரிய முதலாளி சின்னக் கடைக்காரரின் வழிக்கு வந்தார். இடானியம் கடைசியாக 2021 ஜூலையில் அனுப்பப்பட்டு நிறுத்தப்பட்டது. இன்று இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் மேசைக் கணனிச் சிப்களும் பேசுவது அந்த ஏ.எம்.டி. விரிவாக்கத்தைத்தான்.

பழையதைக் காத்தால் மட்டும் போதுமா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரலாம். அப்பிள் நிறுவனம் மூன்று தடவை புரொசஸர் மொழியையே மாற்றியதே, அது அழிந்துபோகவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 1994இல் மோட்டரோலாவின் 68000 வரிசையிலிருந்து பவர்பீசீக்கு மாறியது. 2006இல் இன்டெல்லுக்கு மாறியது. 2020 நவம்பரில் எம்1 என்ற தனது சொந்தச் சிப்புக்கு மாறியது. ஆனால் மூன்று தடவையும் பழைய மென்பொருளைப் புதிய சிப்பில் ஓட்டும் மொழிபெயர்ப்பு ஏற்பாட்டைக் கணனியோடு சேர்த்தே கொடுத்தது. வீடு மாறும்போது பழைய தளபாடத்தை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிக் கொடுத்தது. எனவே அப்பிளின் உதாரணம் என் வாதத்தைப் பலப்படுத்துகிறதே தவிர மறுக்கவில்லை.

இரண்டாவது மறுப்புக் கனமானது. பழைய வாடிக்கையாளரைக் காத்த இன்டெல் ஏன் கையடக்கத் தொலைபேசிச் சந்தையைத் தவறவிட்டது? அங்கே பாதுகாக்க வேண்டிய பழைய மென்பொருள் எதுவும் இருக்கவில்லை. பெட்டரி நீடிக்க வேண்டும், சிப் மலிவாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஏகோர்ன் என்ற சிறிய நிறுவனத்தில் 1985இல் பிறந்த ஏ.ஆர்.எம். வகைச் சிப் அதற்குப் பொருந்தியது. ஐபோனுக்குச் சிப் செய்து தரும் வாய்ப்பு இன்டெல்லுக்கு வந்தது. அப்பிள் கொடுக்க முன்வந்த விலை தமது அடக்கவிலைக் கணிப்பைவிடக் குறைவாக இருந்ததால் மறுத்ததாகவும், அந்தக் கணிப்பே பிழையாகிவிட்டதாகவும் இன்டெல்லின் தலைவராக இருந்த போல் ஒட்டெலினி 2013இல் பதவியிலிருந்து விலகும் வேளையில் சொன்னார்.

சின்ன இலாபம் என்று ஒதுக்கிய சந்தை பிறகு கணனிச் சந்தையைவிடப் பெரிதாகிவிட்டது. அந்தத் தொலைபேசிச் சிப்களைச் செய்து கொடுத்தே தாய்வானின் டீ.எஸ்.எம்.சி. நிறுவனம் வளர்ந்து உற்பத்தியில் இன்டெல்லை முந்தியது. 2024ஆம் ஆண்டில் இன்டெல் 18 பில்லியன் டொலருக்கும் அதிகமான நட்டத்தை அறிவித்தது. 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசாங்கமே அதில் சுமார் 10 வீதப் பங்கை எடுத்தது. ஆகவே பழைய வாடிக்கையாளரைக் காப்பது இருக்கும் கடையைக் காக்கும். புதிய சந்தியில் புதிய கடை திறக்க அது மட்டும் போதாது. இதை மறைத்து எழுதினால் நியாயமாகாது.

இனி நமது கடைக்கு வருவோம்

விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் வைத்திருக்கும் நிபந்தனையின்படி, இன்டெல் கோர் வகையில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் அனுமதிக்கப்படுகின்றன. 8ஆம் தலைமுறை 2017இல் வந்தது. ஏ.எம்.டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும். இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. இணையத் திருட்டுகள் பெருகியிருக்கும் காலத்தில் அந்தக் காரணத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் வேலையை நன்றாகச் செய்யும் சிப்பைப் பட்டியலில் இல்லை என்பதற்காக ஒதுக்குவது, சின்ன வியாபாரியின் முதலை வீணாக்கும் செயல் என்றே நான் கருதுகிறேன். பட்டியலை எழுதியவருக்கு அந்த நட்டம் இல்லை, நமக்கு இருக்கிறது.

ஆகவே பதறிப்போய் வாங்கவும் வேண்டாம், பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். கணனியை அதன் வேலையை வைத்துப் பிரித்துப் பாருங்கள். வங்கிக் கணக்குப் பார்ப்பதும், மின்னஞ்சல் பார்ப்பதும், இணையத்தில் இணைந்திருப்பதுமான கணனி கட்டாயம் பாதுகாப்புப் புதுப்பித்தல் கிடைக்கும் கணனியாக இருக்க வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். இணையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பில் மட்டும் அடிக்கும் கணனி, தரவுகளை ஒழுங்காகப் பிரதி எடுத்து வைக்கும்வரை, இன்னும் சில காலம் அதே வேலையைச் செய்யலாம்.

புதிதாகவோ பாவித்ததோ வாங்குவதென்றால் ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் பார்க்க வேண்டாம். பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது. முதலாவது ஐ7 என்றாலும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. இரண்டாவது வெறும் ஐ5 என்றாலும் பட்டியலில் இருக்கிறது, கோர்களும் அதிகம். பாவித்த கணனிக்கு ஐ7 என்ற ஒட்டுச்சீட்டைக் காட்டிக் கூடுதல் விலை கேட்டால் முழு எண்ணையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 2023 டிசம்பரிலிருந்து கோர் அல்ட்ரா என்ற புதிய பெயர் வரிசையையும் இன்டெல் ஆரம்பித்திருக்கிறது. பெயர் மாறினாலும் எந்த வருடச் சரக்கு என்ற கேள்வி மாறாது.

இன்னும் இரண்டு விடயங்கள். டொஸ் காலத்து 16 பிட் கணக்கு மென்பொருளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். விண்டோஸ் 11இல் அது நேரடியாக ஓடாது. புதுக் கணனி வாங்கும் முன்னரே தரவுகளை மாற்றிக்கொள்ளும் வழியைப் பாருங்கள். அடுத்து, 2024இலிருந்து ஏ.ஆர்.எம். வகையான ஸ்னப்ட்ரகன் சிப்போடு விண்டோஸ் மடிக்கணனிகள் பரவலாக வருகின்றன. பெட்டரி நன்றாக நிற்கிறது. பழைய மென்பொருள்கள் பெரும்பாலானவற்றை மொழிபெயர்த்து ஓட்டுகின்றன. ஆனால் பில் அடிக்கும் பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளை அப்படி மொழிபெயர்க்க முடியாது. அந்தக் கருவியைச் செய்தவர் புதிய மொழியில் டிரைவர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் புதுக் கணனி இருக்கும், பில் வராது.

ஆகவே கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்விதான். விற்பனையாளரிடம் போகும்போது உங்கள் கணக்கு மென்பொருளையும், ஒரு மாதத் தரவையும், முடிந்தால் பில் பிரின்டரையும் கொண்டு போங்கள். "இது இதில் ஓடுமா? ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஓடினால் முற்பணம் கொடுங்கள். ஓடாவிட்டால் திருப்பி எடுப்பேன் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 1981இல் ஐ.பி.எம். இன்டெல்லிடம் நிபந்தனை போட்டது. நாம் பக்கத்துக் கடையிடம் நிபந்தனை போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதே கேள்வியை நமது வாடிக்கையாளரும் நம்மிடம் கேட்க உரிமையுள்ளவர். பத்து வருடத்துக்கு முன் நம்மிடம் தண்ணீர் மோட்டர் வாங்கியவர் ஒரு வொஷர் தேடி வந்தால், "அந்த மொடல் இப்போது இல்லை, புதுசு எடுங்கள்" என்று சொல்லி அனுப்புவது சுலபம். அந்த உதிரியை ஒரு பெட்டியில் தேடி எடுத்துக் கொடுப்பவரின் கடைக்குத்தான் அவர் அடுத்த மோட்டருக்கும் வருவார், தனது மகனையும் கூட்டி வருவார். உங்கள் கடையில் பழைய சரக்கின் உதிரிகள் எத்தனை வகை இருக்கின்றன என்று இந்த வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.